மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின்: ஒரே லோடில் 48, 12 என்று இரண்டு ரிசல்ட். எதை நம்புவது, சோளத்தை என்ன செய்வது?

பரமத்தி லேயர்:

எல்லோருக்கும் வணக்கம். 30,000 முட்டைக்கோழி, சொந்த அரவை. தினமும் 3.3 டன் தீவனம் ஓடுது, அதில் மக்காச்சோளம் 50 சதவீதம். மழைக்கு நடுவே அறுவடையான சோளம் மூன்று லோடு இறங்கியிருக்கு, லோடுக்கு 22 டன், எல்லாம் மூட்டை. மீட்டரில் ஈரம் 14.5-ல் இருந்து 16 வரை காட்டுது. மேலோட்டமாப் பார்த்தா சோளம் நல்ல நிறம். அங்கங்கே முனை கருத்ததும், மஞ்சள் கலந்த பச்சைப் பொடி படிந்ததும் கைக்குச் சிக்குது.

ஒரு லோடில் இருந்து இரண்டு சாம்பிள் கொடுத்தோம். அஃப்ளாடாக்சின் பி1 (பூஞ்சை உண்டாக்கும் நச்சு) ஒன்றில் 48 பிபிபி (கிலோவுக்கு 48 மைக்ரோகிராம்), இன்னொன்றில் 12 பிபிபி. கலவையில் கடலைப் புண்ணாக்கு 4 சதவீதம் போகுது, அதன் ரிப்போர்ட் 120 பிபிபி. டாக்சின் பைண்டர் (நச்சைப் பிடிக்கும் பொடி) டன்னுக்கு 1 கிலோ போடறோம்.

கேக்க வேண்டியது இதுதான்: 48 சரியா, 12 சரியா? இந்தச் சோளத்தைக் காயவைத்தால் நச்சு குறையுமா? புரோப்பியானிக் ஆசிட் அடிக்கலாமா? பைண்டரை 2 கிலோவா உயர்த்தினால் போதுமா? லோடைத் திருப்பி எடுக்க வியாபாரி தயாரா இல்லைங்க. விவரம் தெரிந்தவர்கள் அளவோடு சொன்னா நல்லா இருக்கும்.

---

தீவன ஆலை ராசிபுரம்:

முதல் கேள்வியில் இருந்து வர்றேன், மற்றதெல்லாம் அதன் மேலதான் நிக்குது.

ஆய்வகம் இரண்டு தடவையும் சரியாகவே சொல்லியிருக்கலாம். தப்பு பெரும்பாலும் சாம்பிளில்தான் இருக்கும். அஃப்ளாடாக்சின் சோளத்தில் உப்புக் கரைந்த மாதிரி சமமாப் பரவி இருக்காது. ஆயிரக்கணக்கான மணிகள் சுத்தமா இருக்க, ஏதோ ஒரு மணியில் மட்டும் மொத்த நச்சும் உட்கார்ந்திருக்கும். ஒற்றை மக்காச்சோள மணியில் 4 லட்சம் பிபிபி வரை அளந்து பதிவு செய்திருக்காங்க. ஒரு மணி 0.3 கிராம் என்று வைத்துக் கணக்குப் போடுங்க: அந்த ஒரு மணியில் 120 மைக்ரோகிராம் நச்சு. அது 5 கிலோ சாம்பிளுக்குள் விழுந்தால் அந்தச் சாம்பிள் 24 பிபிபி காட்டும். 5 கிலோவில் ஏறத்தாழ 16,000 மணி இருக்கும். அதில் ஒன்றே ஒன்று, கோழித்தீவனத்துக்கு உள்ள 20 பிபிபி வரம்பைத் தாண்ட வைக்கும். இப்போ அரைக் கிலோ சாம்பிள் எடுத்து அனுப்பினா என்ன ஆகும் என்று யோசிங்க. அந்த மணி உள்ளே வந்தால் ரிசல்ட் வானத்துக்குப் போகும், வராவிட்டால் "சுத்தம்" என்று வரும்.

லோடு இறங்கும்போதே இப்படி எடுங்க. 22 டன்னில் 55 கிலோ மூட்டை 400 இருக்கும். பத்து மூட்டைக்கு ஒன்றுன்னு 40 மூட்டை. ஒவ்வொன்றிலும் நீளமான குத்தூசியை மூலைக்கு மூலை குறுக்கே விட்டு 125 கிராம். மொத்தம் 5 கிலோ. லாரியின் ஓரத்தில் எட்டுகிற மூட்டையை மட்டும் குத்தினால் அது சாம்பிளே இல்லை. அட்டியின் நடுவிலும் அடியிலும் இருக்கிற மூட்டைதான் உண்மையைச் சொல்லும், தார்ப்பாய் ஒழுகி நனைந்த மேல் மூட்டையும் விட்டுப்போகக் கூடாது.

அடுத்து பலரும் கோட்டை விடும் இடம்: அந்த 5 கிலோவையும் முழுசா அரைக்கணும். அரைக்காமல் ஒரு பிடி முழு மணியை எடுத்துக் கொடுத்தால் 40 மூட்டை குத்தியது வீண். 1 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்குகிற அளவுக்கு அரைத்து, நன்றாகக் கலந்து, விரிப்பில் கொட்டி நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மறுபடி நாலாகப் பிரித்து, அரைக் கிலோ வரை குறைங்க. சோதனைக்கு அதில் 50 கிராம் எடுங்க. 5 கிராம், 10 கிராம் போதும் என்கிற கிட்டாக இருந்தாலும் 50 கிராமுக்கு 70 சதவீத மெத்தனால் 250 மில்லி என்ற விகிதத்தில் சாறு எடுத்து, வடிகட்டிய சாற்றில் இருந்து கிட் கேட்கிற துளியை எடுக்கலாம். விகிதம் கிட்டுக்குக் கிட்டு மாறும், பெட்டியில் உள்ள தாளைப் பாருங்க. ஒரு சாம்பிள் அரைத்த பிறகு மிக்சி, அரவையை ஊதித் துடைக்காமல் அடுத்ததை அரைத்தால் முந்தையதன் நச்சு பிந்தையதில் வரும்.

இன்னொன்று. பட்டைச் சோதனைக் கிட் சோளத்துக்கு என்று அளவு வைத்ததாக இருந்தால் அதில் கலவைத் தீவனமோ, டிடிஜிஎஸ்ஸோ (சாராய ஆலையில் மிஞ்சும் தானியச் சக்கை) போட்டுப் பார்க்காதீங்க. அவற்றில் உள்ள நிறமும் மற்றதும் கோட்டைக் கெடுக்கும். அதற்கு ஆய்வகம்தான். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கு.

அதனால் 48-க்கும் 12-க்கும் சராசரி போட்டு 30 என்று எழுதிக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன மாதிரி மறுபடி எடுங்க. அது வரும்வரை அந்த லோடு 48 என்றே வைத்து நடங்க. மூன்று லோடையும் தனித்தனி அட்டியாக வைங்க, கலந்துவிட்டால் அப்புறம் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

---

சோளக்களம் பெரம்பலூர்:

ஈரத்தைப் பற்றி நான் சொல்றேன்.

காயவைத்தால் இருக்கிற நச்சு போகாது. ஆனால் புதுசா உண்டாவது நிற்கும், அதுவே பெரிய லாபம். உங்ககிட்ட இருப்பது 66 டன், தினம் போவது 1.65 டன், அதாவது 40 நாள் சரக்கு. 16 சதவீத ஈரத்தில், 30 டிகிரி சூட்டில், 40 நாள் அட்டியில் கிடந்தால் இன்று 12 காட்டுகிற மூட்டையும் அன்று என்ன காட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஈரம் கூடின லோடை முதலில் அரைங்க, 14.5-ஐ கடைசிக்கு வைங்க. நச்சு ரிப்போர்ட் எந்த லோடுக்கு மோசமோ அதைப் பொறுத்து இது மாறலாம்.

நீண்ட நாள் வைக்கணும் என்றால் 12 முதல் 12.5. ஒரு மாதத்துக்குள் தீரும் என்றால் 13.5 வரை பரவாயில்லை. அதற்கு மேல் அட்டி போடவே கூடாது.

மழைக்காலத்தில் களத்தில் காயவைப்பதன் சிக்கல் இது: காற்றில் ஈரம் 70 சதவீதம் இருக்கும்போது சோளம் 13.5 பக்கத்தில் நின்றுவிடும். 85 சதவீதம் ஆனால் சோளம் 17 வரைக்கும் இழுத்துக்கொள்ளும். மூடாப்புப் போட்ட நாளில் பகல் முழுக்கக் கிளறினாலும் ஈரம் இறங்காது, சில நாள் ஏறும். வெயில் அடித்தால் மட்டும் பரப்புங்க. இரண்டு விரற்கடை கனம், அரை மணிக்கு ஒரு தடவை கால் விட்டோ பலகை விட்டோ கிளறணும். மூன்றரை, நாலு மணிக்குக் குவித்துத் தார்ப்பாய் போட்டுடணும், பனி விழக்கூடாது. வெறும் மண்ணில் பரப்பாதீங்க. மண்ணில் இருந்துதான் அந்தப் பூஞ்சையே வருது.

சுடச்சுட மூட்டை பிடிப்பது பெரிய கேடு. வெயிலில் 45 டிகிரி ஏறின சோளத்தை அப்படியே சாக்கில் கட்டினால் ராத்திரி குளிர்ந்து மூட்டையின் ஓரத்தில் வியர்க்கும். மறுநாள் காலை சாக்கு ஓரத்தைத் தொட்டால் ஈரம் தெரியும், நாலைந்து நாளில் அங்கே கட்டு பிடிக்கும். நிழலில் ஆறவிட்டுத்தான் கட்டணும்.

டிரையர் வாடகைக்குக் கிடைத்தால் மழைக்காலத்தில் அதுதான் வழி. தானியத்தின் சூடு 60 டிகிரியைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் மணி வெடிக்கும், வெடித்த மணியில்தான் பூஞ்சை சீக்கிரம் இறங்கும்.

செலவுக் கணக்கையும் போட்டுக்குங்க. 16-ல் இருந்து 12.5-க்கு இறக்கினால் 100 கிலோ 96 கிலோ ஆகும். 22 டன் லோடில் 880 கிலோ தண்ணீர். கிலோ 24 ரூபாய் என்று வைத்தால் ஒரு லோடுக்கு 21,120 ரூபாய் தண்ணீருக்குக் கொடுத்திருக்கீங்க. 14-க்கு மேல் ஈரம் இருந்தால் எடைப் பிடித்தம், 15-க்கு மேல் இருந்தால் இறக்கவே மாட்டோம் என்று வாங்கும்போதே பேசிவிட்டால் வியாபாரியும் அப்படிப்பட்ட சரக்கைப் பரமத்தி பக்கம் அனுப்ப மாட்டார்.

மீட்டரை நம்பும் முன் ஒரு தடவை அடுப்பில் சரிபாருங்க. அரைத்த சோளம் ஒரே அளவு எடுத்து 135 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து எடைக் குறைவைப் பார்த்தால் மீட்டர் எத்தனை தள்ளிக் காட்டுது என்று தெரிந்துடும். சூடான சோளத்திலும், அப்போதுதான் காய்ந்து வந்த சோளத்திலும் மீட்டர் தப்பாகக் காட்டும். காய்ந்து வந்ததில் மேல் தோல் மட்டும் உலர்ந்து உள்ளே ஈரம் இருக்கும், ஒரு நாள் விட்டு அளந்தால் ஒரு புள்ளி ஏறியிருக்கும்.

---

நாட்டுக்கோழி நத்தம்:

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க பக்கம் கறுப்பு விளக்கு (புற ஊதா விளக்கு) என்று ஒன்று வைத்து, இருட்டில் சோளத்தைக் காட்டி, பச்சையா மின்னுகிற மணியைப் பொறுக்கி எறிந்தால் போதும் என்கிறாங்க. அது பலிக்குமா? வறுத்துக் கொடுத்தால் நச்சு செத்துடாதா? நூறு கோழிதான் வைத்திருக்கேன், ஆய்வகம் எல்லாம் கட்டுப்படியாகாது.

---

தீவன ஆலை ராசிபுரம்:

நத்தம் தம்பிக்கு: கறுப்பு விளக்கில் பச்சை மஞ்சளாக மின்னுவது அஃப்ளாடாக்சின் இல்லை. அந்தப் பூஞ்சை உண்டாக்கும் கோஜிக் அமிலம், உயிருள்ள மணியில் இருக்கிற நொதியோடு சேர்ந்து உண்டாகிற பொருள் அது. பூஞ்சை இருந்து நச்சு இல்லாத மணியும் மின்னும். நாளான சோளத்தில் நச்சு இருந்தும் மின்னாமல் போகும். மேலும் உடைத்துப் பார்த்தால்தான் பாதி மின்னல் தெரியும், முழு மணியின் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. லோடில் சந்தேகம் இருக்கா இல்லையா என்று பார்க்க அது உதவும், அதை வைத்து "சுத்தம்" என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

வறுப்பதும் வேண்டாம். இந்த நச்சு சூட்டைத் தாங்குகிற ஜாதி. முழுசா அழிய 250 டிகிரிக்கு மேல் போகணும், அதற்குள் சோளம் கரியாகும். பெல்லட் மில்லில் 85 டிகிரியில் நீராவி கொடுத்தாலும் பூஞ்சை சாகும், நச்சு அப்படியே இருக்கும்.

நூறு கோழிக்கு ஆய்வகம் வேண்டாம். குறைவாக வாங்குங்க, பதினைந்து நாளுக்கு மேல் இருப்பு வைக்காதீங்க. புடைத்து, உடைந்தது, சுருங்கினது, நிறம் மாறினது எல்லாத்தையும் பொறுக்கிப் போட்டுவிட்டுக் கொடுங்க. கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பங்கு காய்ந்த உப்பு, மூன்று பங்கு சோளம் போட்டு ஒரு நிமிஷம் குலுக்கிச் சாய்த்துப் பாருங்க. உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15-க்கு மேல், வாங்காதீங்க.

பரமத்திக்காரர் விஷயத்துக்கு வர்றேன். கையில் இருக்கிற சோளத்தில் நச்சைக் குறைக்க உங்களால் செய்ய முடிந்த ஒரே நேரடி வேலை சல்லடைதான். உடைந்த மணி, குருணை, தூசி, எடை இல்லாத சப்பை மணி, இவற்றில்தான் நச்சு அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கும். அரவைக்கு முன்னால் 4.75 மில்லிமீட்டர் வட்டத் துளைச் சல்லடை, அதோடு காற்று இழுக்கிற ஃபேன் ஒன்று. சல்லடை போட்டதும் 3 முதல் 5 சதவீதம் கழிவு விழும். ரொம்ப மோசமான லோடில் 8-கூட விழும். எவ்வளவு நச்சு குறையும் என்பதற்கு ஒரே எண் கிடையாது. பாதியாகக் குறைந்த லோடும் உண்டு, முழு மணிக்குள் பூஞ்சை இறங்கியிருந்தால் பெரிதாக ஒன்றும் குறையாத லோடும் உண்டு. சலித்தபின் மறுபடி 5 கிலோ எடுத்து அரைத்துப் பாருங்க.

அந்தக் கழிவை என்ன செய்வது என்பது முக்கியம். "மாட்டுக்குப் போடலாம்" என்று தோணும். கூடவே கூடாது. மாடு தின்ற பி1, பாலில் எம்1 ஆக வரும். பாலில் எம்1 கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம்ம உணவுப் பாதுகாப்பு விதி. வாத்துக்கும் போடாதீங்க, வளர்ப்புப் பறவைகளில் இந்த நச்சுக்கு முதலில் சாவது வாத்துக்குஞ்சுதான். எருக்குழியில் போட்டு மூடுங்க. சலிக்கிற ஆள் முகக்கவசம் போடணும், அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது.

---

கோழி மருத்துவம்:

ஆசிட், பைண்டர் இரண்டையும் ஒரே மருந்து போலப் பலர் பேசுகிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலை. புரோப்பியானிக் ஆசிட் பூஞ்சையைத் தடுக்கும், உண்டான நச்சை ஒன்றும் செய்யாது. பைண்டர் கோழியின் குடலில் நச்சைப் பிடிக்கும், அட்டியில் வளர்கிற பூஞ்சையை ஒன்றும் செய்யாது.

ஆசிட் அடிப்பதாக இருந்தால் அளவு ஈரத்தைப் பொறுத்தது. 12.5 ஈரத்தில் உள்ள சோளத்துக்கோ தீவனத்துக்கோ டன்னுக்கு 1 முதல் 2 கிலோ. 16 ஈரத்தில் ஒரு மாதம் தாங்கணும் என்றால் சுத்தமான ஆசிட் கணக்கில் 3 முதல் 4 கிலோ வேண்டும். கால்சியம் புரோப்பியோனேட் பொடியில் ஆசிட் பங்கு 79 சதவீதம்தான், சந்தையில் கிடைக்கும் கலவைப் பொடிகளில் அதைவிடப் பல மடங்கு குறைவு. லேபிளில் "புரோப்பியானிக் எத்தனை சதவீதம்" என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள், "டன்னுக்கு 1 கிலோ" என்ற வரியை மட்டும் பார்க்காதீர்கள்.

அரைகுறையாகப் போடுவதை விடப் போடாமல் இருப்பது மேல் என்பது என் கருத்து. அளவு குறைந்தால் பூஞ்சை அதைத் தாங்கி வளரும். சுவீடனில் ஈரத் தானியத்தை ஃபார்மிக் ஆசிட் மட்டும் போட்டு வைத்ததில் மற்றப் பூஞ்சைகள் அடங்கி, அஃப்ளாடாக்சின் உண்டாக்கும் பூஞ்சை மட்டும் செழித்த அனுபவம் பதிவாகியிருக்கிறது. மூட்டைக்கு மேலே தெளிப்பதும் பயனில்லை. ஆகர் கன்வேயரில் சோளம் ஓடும்போது நாசில் வைத்து எல்லா மணியிலும் படும்படி தெளிக்க வேண்டும். உங்கள் தீவனத்தில் கல்சுண்ணாம்பும் கிளிஞ்சலும் 9, 10 சதவீதம் இருக்கும். மிக்சரில் ஆசிட்டை ஊற்றினால் சுண்ணாம்பு அதை நேராக மட்டுப்படுத்திவிடும். அதனால் சோளத்தில்தான் அடிக்க வேண்டும். கையுறை, கண்ணாடி அவசியம். துத்தநாகம் பூசிய தகட்டை அது அரிக்கும், பஃபர் செய்த வகை கொஞ்சம் பரவாயில்லை.

இனி பைண்டர். "1 கிலோவா 2 கிலோவா" என்று கேட்டால், எதில் 1 கிலோ என்று நான் திருப்பிக் கேட்பேன். அஃப்ளாடாக்சினுக்கு நன்றாக வேலை செய்வது களிமண் வகை: பென்டோனைட், அதில் முக்கியமாக இருப்பது மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம். அதன் அடுக்குகளுக்கு நடுவே அஃப்ளாடாக்சின் மூலக்கூறு சப்பையாக இருப்பதால் சரியாக நுழைந்து ஒட்டிக்கொள்ளும். ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் பயன்படுத்தியது தீவனத்தில் 0.5 சதவீதம், டன்னுக்கு 5 கிலோ. நல்ல தரமான பென்டோனைட் 2 முதல் 3 கிலோவிலேயே 30, 40 பிபிபி அளவைச் சமாளிக்கும். ஈஸ்ட் சுவரும் களிமண்ணும் கலந்த பொருளில் களிமண் கால் பங்குதான் என்றால் 1 கிலோவில் உங்களுக்குக் கிடைப்பது 250 கிராம். விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: களிமண் பங்கு எத்தனை, அதில் மான்ட்மோரில்லோனைட் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா, பிஎச் 3-இல் பிடித்த நச்சை பிஎச் 6.5-இல் விட்டுவிடாமல் வைத்திருக்கிறதா. சும்மா தண்ணீரில் "98 சதவீதம் பிடிக்கிறது" என்ற அட்டையை ஒதுக்கி வையுங்கள்.

களிமண்ணின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். டி-2, ஆக்ராடாக்சின், டான் ஆகிய மற்றப் பூஞ்சை நச்சுகளைக் களிமண் பெரிதாகப் பிடிக்காது. கோழியின் வாயில், நாக்கு ஓரத்தில் மஞ்சள் படலமும் புண்ணும் தெரிந்தால் டி-2 என்று சந்தேகப்படுங்கள். எச்சம் தண்ணீராகப் போய், அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் வீங்கி வெளுத்து, உறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூத்திருந்தால் ஆக்ராடாக்சின். அப்போது களிமண்ணை 10 கிலோவாக ஏற்றினாலும் பயன் இருக்காது, சோளத்தை மாற்றுவதுதான் வழி. செயல்படு கரியைச் சிலர் போடச் சொல்வார்கள், அது வைட்டமின்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், தினசரித் தீவனத்துக்கு வேண்டாம். குஞ்சு, வளர் பருவத் தீவனத்தில் ரத்தக்கழிச்சல் மருந்து கலந்திருந்தால் பென்டோனைட் சேர்க்கும் முன் மருந்து நிறுவனத்திடம் பொருந்துமா என்று கேட்டுவிடுங்கள், ரோபெனிடின் போன்றவற்றை அது பிடித்துக்கொள்ளும்.

கலக்கும் விதம்: 2, 3 கிலோ பொடியை நேராக மிக்சரில் கொட்டாமல் 20 கிலோ சோள மாவில் முதலில் கலந்து, பிறகு மிக்சரில் போட்டு, கிடைமட்ட ரிப்பன் மிக்சர் என்றால் குறைந்தது 4, 5 நிமிடம் ஓட்டுங்கள்.

அளவு வரம்பு: கோழித்தீவனத்துக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 1374 அஃப்ளாடாக்சின் பி1-க்கு 20 பிபிபி என்கிறது. அமெரிக்காவில் முதிர்ந்த கோழிக்கு 100 பிபிபி, குஞ்சுக்கு 20 என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். வயதான முட்டைக்கோழி குஞ்சை விட நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் 100 வரை போகலாம் என்று இதைப் படிக்க வேண்டாம். சாவது தாமதமாகும், ராணிக்கெட் தடுப்பூசிக்கு எதிர்ப்புத்திறன் ஏறாமல் போவது அதற்கு முன்பே தொடங்கிவிடும். டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புத்திறன் அளவு) ரிப்போர்ட்டில் சில கோழி மேலே, சில கோழி கீழே என்று சிதறி வந்தால் தடுப்பூசி போட்டவரைக் குறை சொல்வதற்கு முன் தீவனத்தைப் பாருங்கள்.

---

பரமத்தி லேயர்:

டாக்டர், ரொம்ப நன்றிங்க. ராசிபுரம் அண்ணா சொன்ன மாதிரி 5 கிலோ எடுத்து முழுசா அரைத்துக் கொடுத்தாச்சு. அந்த லோடு சலிக்கும் முன் 44, சலித்தபின் 35. மற்ற இரண்டு லோடும் 5, 8. கழிவு 4.5 சதவீதம் விழுந்தது. பைண்டரில் களிமண் 30 சதவீதம்தான் என்று லேபிளைப் பார்த்த பிறகுதான் தெரியுது. இனி கலவையை எப்படி அமைக்கலாம்? முட்டையில் நச்சு இறங்குமா? கோழியில் என்ன பார்த்துக்கிட்டே இருக்கணும்?

---

தீவன ஆலை ராசிபுரம்:

கணக்கு நேரானது. ஒரு பொருளின் பிபிபி-யை அதன் பங்கால் பெருக்கிக் கூட்டுங்க.

முன்பு போட்டது: சோளம் 48 × 0.50 = 24. கடலைப் புண்ணாக்கு 120 × 0.04 = 4.8. இரண்டு பொருளிலேயே 28.8. தவிடு, சூரியகாந்திப் புண்ணாக்கு இன்னும் கணக்கில் வரவே இல்லை.

இப்போ: சலித்த 35 சோளம் 25 சதவீதம், அதாவது 8.75. 5 பிபிபி சோளம் 25 சதவீதம், 1.25. சோளத்தில் இருந்து மொத்தம் 10. கடலைப் புண்ணாக்கை அறவே எடுத்துடுங்க, அந்தப் புரதத்தை சோயாவில் ஈடு கட்டுங்க. விலை ஏறும்தான், ஆனால் 4 சதவீதப் பொருள் 5 பிபிபி கொண்டுவருது. அரிசி டிடிஜிஎஸ், மக்காச்சோள டிடிஜிஎஸ் போடுறீங்களா? சாராய ஆலையில் மாவுச்சத்து போய்விடுவதால் தானியத்தில் இருந்த நச்சு அதில் ஏறக்குறைய மூன்று மடங்காகக் கூடி நிற்கும். ரிப்போர்ட் இல்லாமல் ஒரு சதவீதம்கூட வேண்டாம்.

இந்தக் கலவை முட்டையிடும் கோழிக்கு மட்டும். குஞ்சு, வளர் கோழிக்கு 5 பிபிபி லோடில் இருந்தே அரைங்க. அரைக்கும் வரிசையும் பாருங்க: காலையில் முதலில் குஞ்சுத் தீவனம், அப்புறம் லேயர். 35 லோடு ஓடிய பின் அதே மிஷினில் குஞ்சுத் தீவனம் அரைக்க வேண்டாம்.

அந்த 35 லோடை முதலில் தீர்க்கணும். தினம் 825 கிலோ போகும், சலித்த பின் உள்ள 21 டன் தீர 25, 26 நாள் ஆகும். அதுவரை அது 13 ஈரத்துக்குக் கீழே இருக்கணும், இல்லையென்றால் 35 அப்படியே நிற்காது. அதை வெளியே விற்றுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீங்க, வாங்குகிறவர் குஞ்சுக்குப் போடுவாரா மாட்டுக்குப் போடுவாரா என்று நமக்குத் தெரியாது.

---

கோழி மருத்துவம்:

முட்டை: தீவனத்தில் இருந்து முட்டைக்குப் போவது மிகச் சொற்பம், ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு. 20-க்குக் கீழ் உள்ள தீவனத்தில் முட்டை பற்றிக் கவலை வேண்டாம். ஈரலில்தான் கூடுதலாகத் தங்கும்.

பார்க்க வேண்டியது: முதலில் தீனி குறையும், அடுத்து முட்டை எடை. முட்டை எண்ணிக்கை உடனே விழாது, கருமுட்டைகள் ஏற்கெனவே சினைப்பையில் வளர்ந்து வரிசையில் நிற்பதால் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். அதனால் இன்றைய வீழ்ச்சிக்கு இன்றைய தீவனத்தைச் சோதித்துப் பயனில்லை. ஒவ்வொரு அரவையிலும் ஒரு கிலோ எடுத்து, தேதி எழுதி, மூடிய டப்பாவில் ஒரு மாதமாவது வையுங்கள். பிறகு மஞ்சள் கரு வெளுக்கும். இறந்த கோழியைத் திறந்தால் ஈரல் பெருத்து, மஞ்சளாகி, விரலால் அழுத்தினால் நொறுங்கும், சில இடத்தில் ரத்தப் புள்ளி இருக்கும். கோடையில் கொழுத்த கோழிக்கு வரும் கொழுப்பு ஈரல் ரத்தக்கசிவும் பார்ப்பதற்கு இப்படியே இருக்கும். அதில் வயிற்றுக் கொழுப்பு மிகுதியாக இருக்கும், ஈரல் வெடித்து ரத்தக்கட்டி நிற்கும், கோழி தீனி குறையாமல் திடீரென்று சாகும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மருந்து போடாதீர்கள்.

பைண்டர்: 30 சதவீதக் களிமண் உள்ளதை நிறுத்தி, சோதித்த பென்டோனைட் டன்னுக்கு 2.5 கிலோ. அந்த லோடு தீரும்வரை மெத்தியோனின் 10 சதவீதம் கூட்டுங்கள். நச்சை ஈரல் வெளியேற்றுவது குளூட்டத்தையோன் வழியாக, அதற்குக் கந்தக அமினோ அமிலம் வேண்டும். வைட்டமின் ஈ, செலினியம், கோலின் அளவு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூஞ்சை பிடித்த சோளத்தில் கொழுப்பும் எரிசக்தியும் குறைந்திருக்கும், 5 சதவீதம் குறைத்து ஃபார்முலாவில் எழுதுங்கள்.

---

சோளக்களம் பெரம்பலூர்:

அட்டி பற்றி விட்டுப்போனது. தரையில் கட்டை போட்டு அதன் மேல் மூட்டை, சுவரில் இருந்து ஒன்றரை அடி தள்ளி, அட்டிக்கு நடுவே ஆள் போக வழி. இரண்டு மீட்டர் இரும்புக் கம்பியை அட்டிக்குள் குத்திக் கால் மணி நேரம் விட்டு எடுத்துத் தொட்டுப் பாருங்க, வெளியை விடச் சூடாக இருந்தால் அந்த இடத்தைப் பிரிக்கணும். பெரும்பாலும் அங்கே வண்டு இருக்கும். வண்டு மூச்சு விட்டே சூடும் ஈரமும் ஏறும், துளைத்த மணியில் பூஞ்சை இறங்கும். புகைமூட்டம் போடுவதை அனுமதி உள்ள ஆளை வைத்து மட்டும் செய்யுங்க, கோழிக் கொட்டகை ஒட்டிய குடோனில் அந்த வாயு உயிரை எடுக்கும். அது வண்டைக் கொல்லும், நச்சைத் தொடாது.

---

பரமத்தி லேயர்:

சரிங்க. சலித்து, சுத்தமான சோளத்தோடு கலந்து அரைத்த தீவனத்தில் 14 வந்தது. ஆனா கொட்டகைத் தொட்டியில் இருந்து எடுத்த சாம்பிளில் 23 காட்டுது. அரவையில் இருந்து தொட்டிக்குப் போறதுக்குள்ள எப்படி ஏறும்?

---

தீவன ஆலை ராசிபுரம்:

இரண்டு இடம் பாருங்க. ஒன்று எலிவேட்டரின் அடிப்பெட்டி. அங்கே எப்போதும் நாலைந்து கிலோ பழைய மாவு தங்கி, ஈரம் இழுத்து, கட்டியாகி, கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து புதுத் தீவனத்தில் கலக்கும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அடிக்கதவைத் திறந்து சுரண்டி எடுங்க. கழுவினால் நன்றாக உலர்த்திய பிறகுதான் ஓட்டணும். மிக்சர் ரிப்பனின் அடிப்பக்கம், ஹாப்பர் மூலை, தீவன பின்னின் உள்சுவர் எல்லாம் இதே கதைதான். தகடு இரவில் குளிர்ந்து உள்ளே வியர்க்கும், மேல் மூடியில் இருந்து சொட்டும்.

இரண்டாவது, தொட்டி. தண்ணீர் நிப்பிள் ஒழுகி நனைந்த இடத்தில், ஃபாகர் (குளிர்ச்சிக்குத் தண்ணீர் தெளிப்பது) படுகிற ஓரத்தில், தொட்டியின் அடியில் காரை மாதிரி ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்துத் தனியாகச் சோதித்தால் தெரிந்துடும். தீவனத்தை ஒரே தடவையாக நிரப்பாமல் காலை, மாலை போட்டு, நடுவில் தொட்டி காலியாகி கோழி அடி வரை கொத்தித் தின்னும்படி ஒரு மணி நேரம் விடுங்க. சாம்பிள் எடுக்கும்போது அடிக் கட்டி இல்லாமல் ஒன்று, கட்டியோடு ஒன்று என்று தனித்தனியாக எடுத்துப் பாருங்க. முதலாவது 14-ஐ ஒட்டி வந்தால் கோளாறு தொட்டியில். அதுவும் 23 பக்கம் வந்தால் அடிப்பெட்டியைத் திறங்க.